வேர்னனின் வாக்கு

வேர்னனுக்கு முதலில் மறந்தது தமிழ்தான்.

மெல்பேர்ன் நோபல் பார்க் தமிழ்க் கடைகளில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஆறடி உயரம், நல்ல கறுப்பு, பஞ்சு மாதிரி நரைத்த சுருட்டை முடி. அமெரிக்காவில், அலபாமாவில், பருத்தித் தோட்டத்தில் பிறந்த அந்த மனிதர் கடைவாசலில் நின்று, "தம்பி, போனமுறை மாதிரி முத்தல் முருங்கைக்காயைத் தந்து போடாதை" என்று சொல்லும்போது, ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பேசியது யாரென்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். மனைவி சத்தியபாமாவிடமிருந்து எடுத்த யாழ்ப்பாணத் தமிழ். குசினி, கதிரை, அலுமாரி என்று அவர் சொல்லுகிற விதத்துக்கே கடைக்காரப் பெடியன்கள் கதை கொடுப்பார்கள்.

போன வருசம் புரட்டாதி மாதத்தில் ஒருநாள், "இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று பாமா கேட்டாள். அவர் மரியாதையாகச் சிரித்து, "என்ன சொன்னீங்கள், மேடம்?" என்று இங்கிலீசில் கேட்டார். விளையாடுகிறார் என்று அவள் நினைத்தாள். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தபோது, "தாங்க் யூ, மேடம்" என்றார். நத்தார்ப் பண்டிகை வருவதற்குள் அவரிடம் ஒரு தமிழ்ச் சொல்லும் மிச்சமில்லை.

"மறதி நோயில, கடைசியா கத்துக்கிட்டதுதாம்மா முதல்ல போகும்" என்றார் டொக்டர் கோபாலகிருஷ்ணன். மதுரைக்காரர், டண்டினோங்கில் கிளினிக் வைத்திருப்பவர். "சின்ன வயசு ஞாபகம் ரொம்ப நாள் நிக்கும்."

சிட்னியில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிற மகள் ஹம்சாவுக்கு அன்றைக்கே போன் எடுத்துச் சொன்னாள் பாமா. "கடைசியாய் வந்தது முதல்ல போகுமாம் பிள்ளை. அவற்ர வாழ்க்கையில நான் கடைசியாய் வந்தனான். அடுத்தது நான்தான்."

அதற்குப் பிறகு வேர்னன் பேசியதெல்லாம், சொற்களை இழுத்து இழுத்துப் பேசும் தெற்கத்தி இங்கிலீசு. ஆனாலும் இத்தனை வருசப் பழக்கத்தில் பாமாவின் காதுக்குள் அது தமிழாகவே விழுந்தது. இந்தக் கதையிலும் அவருடைய பேச்சைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகலாம்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மெல்பேர்னுக்கு வந்தவள் பாமா. வயோதிபர் இல்லத்தில் கிழவர்களைக் கழுவித் துடைத்துச் சாப்பாடு தீத்துகிற வேலை. டண்டினோங்கில் லொறி செய்கிற தொழிற்சாலையில் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த வேர்னன், தன்னோடு வேலைசெய்து நோயில் விழுந்த ஒருவரைப் பார்க்க அங்கே வருவார். அவருக்குச் சவரம் செய்துவிடுவார், நகம் வெட்டுவார், போகும்போது பாமாவுக்கும் ஒரு 'குட் நைட்' சொல்லிவிட்டுப் போவார். சொந்தப் பிள்ளைகளே எட்டிப்பார்க்காத இடத்தில் இப்படி ஒரு மனிதரா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது கலியாணத்தில் வந்து நின்றது.

அவளுடைய தமையன் மகாதேவன் கலியாணத்துக்கு வரவில்லை. "ஒரு வெள்ளையனைக் கட்டியிருந்தாலும் சனத்துக்கு ஏதோ சொல்லிச் சமாளிக்கலாம்" என்றார். ஹம்சா பிறந்த பிறகு மல்கிரேவிலிருந்து வரப்போகத் தொடங்கினார். ஆனால் ஒருநாளும் வேர்னனை 'மச்சான்' என்று கூப்பிட்டதில்லை. 'உன்ர மனுசன்' என்றுதான் சொல்லுவார்.

வேர்னன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். பின்வளவில் கொலாட் என்கிற அகன்ற இலைக் கீரையைப் பாத்தி பாத்தியாகப் போட்டிருந்தார். அவருடைய ஊரில் அதைப் பன்றி இறைச்சியோடு அவிப்பார்களாம். பாமா தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுப்பாள். மகாதேவன் சாப்பிட வந்தால் அந்த வறையை இரண்டுதரம் கேட்டு வாங்குவார்.

ஒரே ஒரு விசயத்தில்தான் புருசனும் பெண்சாதியும் முட்டுப்படுவார்கள். அது தேர்தல். இந்த நாட்டில் வோட்டுப் போடாவிட்டால் தண்டம் கட்டவேண்டும். ஆகவே சனம் காற்சட்டையும் செருப்புமாக, நாயையும் இழுத்துக்கொண்டு, ஏதோ பால் வாங்கப் போவது மாதிரிப் போய்ப் போட்டுவிட்டு வரும். வேர்னன் மட்டும் கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, தொப்பி வைத்துக்கொண்டு போவார். சின்ன வயதில் ஹம்சா வெட்கத்தில் பத்தடி பின்னால் நடப்பாள்.

"வோட்டுச் சீட்டில ஒரு புள்ளடி போட ஏன் இந்தச் சோடினை?" என்பாள் பாமா. "நாங்களும் வரிசையில நிண்டு போட்டனாங்கள்தான். எழுபத்தேழில ஊரே திரண்டு போட்டது. அடுத்த மாசமே தெற்கில எங்கட சனத்துக்கு அடி. எண்பத்தொண்டில இன்னொரு தேர்தல் வந்தது, யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினாங்கள். என்னத்தைக் கண்டம்?"

"அதை என்னட்டைச் சொல்லாதை" என்பார் வேர்னன். அன்றைக்கு முழுக்க அவளோடு கதைக்கமாட்டார்.

ஏன் என்று அவர் ஒருதரம்தான் சொன்னார். ஹம்சா வயிற்றில் இருந்த சமயம். கொழும்பில் கலவரத்தின்போது கோயில் மண்டபத்தில் அகதியாய்க் கிடந்த கதையை அன்று பாமா சொல்லியிருந்தாள். கேட்டு முடித்தவர் தன்னுடைய கதையை எடுத்தார்.

அவருடைய தகப்பன் ஏமொஸ், வெள்ளைக்காரனுடைய நிலத்தில், விளைச்சலில் பாதி கொடுக்கிற வாரத்துக்குப் பருத்தி செய்தவர். அடிமைத்தனம் ஒழிந்து நூறு வருசம் ஆகியிருந்தது. ஆனால் அந்த மாவட்டத்தில் கறுப்பர்களில் ஒருவருடைய பெயர்கூட வாக்காளர் இடாப்பில் இல்லை. பெயர் பதிவதென்றால் கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போகவேண்டும். அதுவும் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைதான் திறப்பார்கள். ஏமொஸ் தன்னுடைய ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போவார். மாநிலச் சட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டி, வாசி, விளக்கி எழுது என்பார்கள். எழுதிக் கொடுத்தால், பார்த்துச் சொல்லுகிறோம் என்பார்கள். அவ்வளவுதான். அடுத்தமுறை திரும்பவும் போவார்.

அறுபத்தைந்தில் புது வாக்குரிமைச் சட்டம் வந்தது. பெயரைப் பதிந்தார்கள். வந்தது வினை. நிலக்காரன் வாசலில் வந்து நின்று, ஒன்றில் பெயரை எடு, இல்லாவிட்டால் வீட்டை விடு என்றான். ஏமொஸ் வீட்டை விட்டார். அப்படித் துரத்தப்பட்ட குடும்பங்களெல்லாம் பெருந்தெரு ஓரம் ஒரு காணியில் கூடாரம் அடித்திருந்தன. மாரிகாலம், முழங்கால் சேறு. பொழுதுபட வெள்ளைக்காரர்கள் கார்களில் வந்து கூடாரங்களைப் பார்த்துச் சுடுவார்கள். வேர்னனுக்கு அப்போது பதினேழு வயது. அவருக்குக் கீழே தங்கச்சி லூசில். அதற்கும் கீழே பேர்ள், கைப்பிள்ளை.

"பேர்ளுக்குச் சளி நெஞ்சில கட்டிப்போச்சு. அந்த நேரம் பாத்து நிலக்காரன் ஆள் விட்டான். வீடு இன்னும் சும்மாதான் கிடக்கு, பேரை எடுத்தால் திரும்பி வரலாமெண்டு. அம்மா அப்பாவின்ர காலைப் பிடிச்சவா. பேரை எடு ஏமொஸ், பிள்ளைக்கு ஒரு கூரை வேணுமெண்டு. அப்பா வெளியில போய் விறகு கொத்தினவர்."

"பிறகு?"

"தை மாசம் பேர்ள் செத்தது. அந்த வருசக் கடைசியில ரெண்டு பேரும் போய் வோட்டுப் போட்டவை. அம்மா கறுப்புச் சட்டையோட போனவா. அதுக்குப் பிறகு அவா அப்பாவோட கதைச்சவா, சமைச்சுக் குடுத்தவா. ஆனா சிரிச்சதை நான் காணேல்லை." கடைசியில், "ஆர் செய்தது சரியெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது பாமா" என்றார்.

பிறகு அவரைப் பட்டாளத்துக்கு எடுத்து வியட்நாமுக்கு அனுப்பினார்கள். விடுமுறைக்கு சிட்னியில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு தேத்தண்ணிக் கடையில் முன்வாசலால் போய்க் கதிரையில் இருந்தாராம், ஒருவரும் எழும்பச் சொல்லவில்லையாம். இந்த நாடும் வேறொரு சனத்திடமிருந்து பறித்த காணிதான் என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கதிரை அவருக்கு மறக்கவில்லை. வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கொள்கையை இங்கே கைவிட்ட பிறகு மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் பாமா அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தாள்.

பங்குனி மாதத்தில் மகாதேவன் வடையும் கொண்டு வந்திருந்தார். வேர்னன் பின்வளவில் கீரைப்பாத்திக்குள் நின்று இலைகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாற வைகாசியில எலெக்சன்" என்றார் மகாதேவன். "உன்ர மனுசன் இருக்கிற நிலைக்கு எப்படிப் போறது? போகாட்டி ஏன் போகேல்லையெண்டு கேட்டு எழுதுவாங்கள். என்ர மாமியாருக்கு நாங்கள் இடாப்பில இருந்து பேரை எடுத்துப்போட்டம். டொக்டர் ஒரு கையெழுத்து, வீட்டாக்கள் ஒரு கையெழுத்து. கரைச்சல் இல்லை."

பாமா ஹம்சாவைக் கேட்டாள்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் பேப்பர்வேர்க்" என்றாள் ஹம்சா. "கவுன்சில் எலெக்சன் டைம்ல டாடி எவ்வளவு அப்செற் ஆனவர்? போஸ்ற்ல வந்த அந்த வோட்டு என்வலப்பைக் கையில வச்சுக்கொண்டு அழுதவரெல்லோ? ஹி டஸன்ற் நீட் தாற். செய்யுங்கோ."

டொக்டரும் சரி என்றார். இரவில் நித்திரை இல்லை, பகலில் அவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவதே பெரும்பாடு. தான் இருபத்தைந்து வருசம் வேலை செய்த இடங்களைப் போல ஒன்றில் அவரைக் கொண்டுபோய் விடமாட்டேன் என்று ஹம்சாவோடு சண்டை பிடித்திருந்தாள். அந்தக் களைப்பில் ஒரு சுமை குறைந்தால் போதும் என்றிருந்தது. இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பவும் மாவைக் குழைத்தாள்.

வைகாசி வந்தது. தெருவெல்லாம் வேலிகளில் வேட்பாளர்களின் படங்கள். வேர்னன் ஜன்னலடியில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

தேர்தல் சனிக்கிழமை, காலையில் நல்ல குளிர், வெயில் எறிப்பு மட்டும் கண்ணாடி மாதிரி. பாமா கீரை ஆய்ந்துகொண்டு உள்ளே வந்தபோது அவர் கூடத்தில் நின்றார். கோட்டு, கழுத்துப்பட்டி, தொப்பி. மாதக்கணக்காகச் சட்டைப் பொத்தான் பூட்டத் தெரியாமல் நின்ற மனிதருடைய கழுத்துப்பட்டி முடிச்சு நேராக விழுந்திருந்தது.

"இண்டைக்குத் திறப்பாங்கள். நேரத்தோட போனால்தான் இடம்" என்றார்.

"முதல்ல சாப்பிடுங்கோ."

"வந்து சாப்பிடலாம். நீங்களும் வாறீங்களோ, மேடம்?"

தெருவைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தால் மறந்துவிடுவார் என்று நினைத்துத்தான் அவளும் ஜக்கெற்றைப் போட்டாள். ஆனால் மூலையில் அவள் இடப்பக்கம் திரும்ப, அவர் வலப்பக்கம் திரும்பி நேரே நடந்தார். வீட்டுக் கழிப்பறைக்கு வழி தெரியாதவருக்கு வோட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்துக்கு வழி தெரிந்திருந்தது.

வரிசை விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நின்றது. பள்ளிப் பெற்றோர்கள் வாசலில் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் வதங்குகிற மணம். முன்னால் நின்ற பெடியன் இரவு உடுப்போடு வந்து கொட்டாவி விட்டான். வேர்னன் நிமிர்ந்து, யாரையும் முட்டாமல், ஒவ்வொரு அடியாக முன்னேறினார். மண்டபவாசல் வந்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். திரும்பிப் போய்விடலாம் என்று பாமா அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கை இரும்பு மாதிரி இருந்தது.

மேசையில் ஊதா மேலங்கி போட்ட வியட்நாமியப் பெண் இருந்தாள். லான் என்று பெயரட்டை குத்தியிருந்தாள். முதலில் பாமாவின் பெயரைக் கேட்டாள், இருந்தது, அடிமட்டம் வைத்துக் கோடு கீறினாள். பச்சைச் சீட்டும் பாய் மாதிரி நீளமான வெள்ளைச் சீட்டும் கையில் வந்தன.

"வேர்னன் டால்பட்" என்றார் அவர், கேட்பதற்கு முன்னரே. எழுத்துக் கூட்டியும் சொன்னார். விலாசமும் சொன்னார், ஒரு பிழையுமில்லாமல்.

லான் விரலை ஓட்டினாள். திரும்ப ஓட்டினாள். "சார், இதே விலாசத்தில் மனைவியின் பெயர் இருக்கிறது. உங்களுடைய பெயர் இல்லையே."

"திரும்பப் பாருங்கோ."

"பார்த்துவிட்டேன் சார். கவலைப்படாதீர்கள், வேறு ஒரு வழி இருக்கிறது. சீட்டு நிரப்பி இந்த உறைக்குள் போட்டுத் தாருங்கள். பிறகு விசாரித்துப் பார்ப்பார்கள்."

"அதை எண்ணுவீங்களோ?"

லான் நேர்மையான பிள்ளை. "பெயர் இருக்கவேண்டியதுதான் என்று தெரிந்தால் எண்ணுவார்கள், சார்."

"பாத்துச் சொல்லுறம் எண்டுதான் எங்கட அப்பாவுக்கும் சொன்னவை" என்றார் வேர்னன். குரல் உயரவில்லை. "எந்தப் பகுதியை வாசிக்கவேணும்? காட்டுங்கோ, வாசிக்கிறன். என்னட்டைக் கேள்வி கேளுங்கோ."

லானுக்கு விளங்கவில்லை. பாமாவைப் பார்த்தாள். பாமா நிலத்தைப் பார்த்தாள். பின்னால் யாரோ, "கம் ஒன் மேற்" என்று முனகினான். வேர்னன் அவனைத் திரும்பிப் பார்த்து, "மன்னிக்கவேணும் சார், உங்களை மறிக்கேல்லை" என்று சொல்லி விலகினார். விலகி வெளியே போகவில்லை. சுவரோடு போய் நின்றார். "பேரைத் தேடி எடுங்கோ. நான் நிக்கிறன்."

பாமா அட்டைத் தடுப்புக்குள் போனாள். நூலில் கட்டிய பென்சில் தொங்கியது. கையில் எடுத்தாள். இத்தனை வருசமும் அவர் சொல்லுகிற ஆளுக்கு இலக்கமிட்டு, யோசிக்காமல் மடித்துப் போட்டவள். இன்றைக்கு ஒரு கோடும் வரவில்லை. வெறும் தாளாகவே மடித்துப் பெட்டிக்குள் விட்டாள்.

அவர் நின்றார். பத்து மணிச் சனம் போய்ப் பன்னிரண்டு மணிச் சனம் வந்தது. லான் ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தாள். அவர் அதில் இருக்கவில்லை. சொசேஜ் சுட்ட பெண்மணி ரொட்டிப் பாணுக்குள் வைத்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கி, கடிக்காமல் கையில் வைத்திருந்தார். பாமாவால் தாங்க முடியவில்லை. கிட்டப் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ. அவையள் எவ்வளவு தேடினாலும் கிடையாது. நான்தான் எடுப்பிச்சனான். உங்கட பேரை. நான் கையெழுத்துப் போட்டனான்."

தமிழில்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவருக்கு அது விளங்காது என்று உறைத்தது. ஆகவே இங்கிலீசில் திரும்பவும் சொல்லவேண்டி வந்தது. ஒருதரம் சொல்லவே முடியாத சொல்லை இரண்டுதரம் சொன்னாள்.

வேர்னன் அவளை வெகுநேரம் பார்த்தார். கோபம் வரும் என்று நின்றாள். அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"வீட்டை விட்டு எழுப்புவம் எண்டு வெருட்டினவங்களோ?"

பாமா அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

அவள் அழத் தொடங்கினாள்.

"வெக்கப்படாதையுங்கோ, மேடம்" என்றார் அவர். "கனபேர் பயத்தில எடுத்தவை. எங்கட அம்மாவும் எடுக்கச் சொல்லித்தான் கெஞ்சினவா. அவாவில பிழையில்லை. அப்படிக் கெஞ்சவேண்டி வந்ததுதான் பிழை." கையிலிருந்த சொசேஜ் பாணை அவளிடம் நீட்டினார். "பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ. ஆறிப்போச்சு, சூடாக்கிக் குடுங்கோ."

யார் சரி என்று தனக்கு இன்றைக்கும் தெரியாது என்று ஒருகாலத்தில் சொன்ன மனிதர். தாயிடம் சொல்லவேண்டியதை, யாரோ எவளோ என்று நினைத்த ஒருத்தியிடம் சொல்லிவிட்டு, திரும்பவும் சுவரோடு நிமிர்ந்து நின்றார்.

ஆறு மணிக்குக் கதவு பூட்டினார்கள். வெளியே இருட்டிவிட்டது. லான் வந்து அவருடைய கையைப் பிடித்து, முடிந்துவிட்டது சார் என்றாள். தன்னுடைய தகப்பனும் இப்படித்தான் என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். வேர்னன் தொப்பியை வைத்தார்.

"அப்ப திங்கட்கிழமை வாறம்" என்றார்.

திங்கட்கிழமை காலை கோட்டோடு நின்றார். பாமா மறுக்கவில்லை. பள்ளிக்கூடம் வரை கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் புத்தகப்பையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். படலைக்கு வெளியே நடைபாதையில் இருவரும் நின்றார்கள். மணி அடித்துத் தெரு அடங்கிய பிறகு, "இண்டைக்குத் திறக்கேல்லை" என்றார். வீட்டுக்கு வந்து சோறும் கீரை வறையும் சாப்பிட்டுப் படுத்தார். அடுத்த திங்களும் போனார்கள். அதற்கடுத்ததும். பள்ளி அதிபர், ஒரு வெள்ளைக்காரப் பெண், வந்து விசாரித்து, மழை பெய்தால் உள்ளே வந்து நிற்கச் சொன்னார். உள்ளே வரலாம் என்று ஒரு வெள்ளைக்காரி சொன்னதை வேர்னன் நம்பவில்லை. குடைக்குள் நின்றார்.

பாமா டொக்டரிடம் போனாள். பெயரைத் திரும்பப் போட ஒரு கடிதம் கேட்டாள்.

"நான் எப்படிம்மா எழுத முடியும்?" டொக்டருக்கும் சங்கடம். "இன்னைக்கு என்ன கிழமைன்னே அவருக்குத் தெரியாது."

"திங்கட்கிழமை எண்டால் தெரியும் டொக்டர்" என்றாள் பாமா.

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். எழுதவில்லை. அவராலும் முடியாதுதான்.

ஆனி கடைசியில் ஹம்சா சிட்னியிலிருந்து வந்தாள். தகப்பனை இந்தக் குளிருக்குள் தெருவில் கொண்டுபோய் நிறுத்துவதாகத் தாயோடு சண்டை பிடிக்கத்தான் வந்தாள். "அம்மா, ஆர் யூ மாட்? நியூமோனியா வரும் அவருக்கு!"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"நான் மறிச்சால் வாசல்ல நிண்டு கதவைத் தட்டுறார் பிள்ளை. விடச் சொல்லிக் கெஞ்சுறார். என்னை ஆரோ மறியல்வீட்டுக் காவல்காரியெண்டு நினைச்சுக் கும்பிடுறார். உனக்குப் பாக்க ஏலுமெண்டால் நீ மறி."

திங்கள் காலை அவர் உடுத்துக்கொண்டு வந்தபோது ஹம்சா கதவுக்கு முன்னால் நின்றாள். வேர்னன் தொப்பியைக் கழற்றினார். "மிஸ், தயவுசெய்து" என்றார். ஹம்சா விலகிவிட்டாள். பிறகு ஓடிப்போய்த் தன்னுடைய ஆஸ்பத்திரி வேலைக்குப் போடுகிற நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். அன்றைக்கு அவருடைய தோளோடு தோள் உரச நடந்தாள்.

ஆடி முதல் கிழமையில் நெஞ்சுச் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை. மகாதேவன் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து, கட்டில் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார். ஒருநாள் எழும்பும்போது, "அப்ப நான் வாறன் மச்சான்" என்றார். வேர்னன் கண் திறக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலையில், தாதிமார் வேலை மாறுகிற நேரம், பாமா உதட்டுக்குத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்க மூச்சு நின்றது. பழக்கப்பட்ட கைகள், அவளே கண்ணை மூடிவிட்டாள். தாதி வந்து, நீங்கள் போய் இருங்கள் அம்மா, நாங்கள் கழுவுகிறோம் என்றாள். பாமா விடவில்லை. எத்தனையோ பேருடைய புருசன்மாரைக் கழுவிய கை. தன்னுடைய புருசனையும் கழுவினாள்.

அலபாமாவில் அப்போது பின்னேரம். லூசிலுக்குப் பாமாதான் போன் எடுத்தாள். இருவரும் ஒரேயொருமுறைதான் நேரில் கண்டவர்கள். ஆனாலும் மச்சாள் என்ற சொல்லை லூசில் பழகி வைத்திருந்தாள்.

"மச்சாள், வேர்னன் மோசம் போயிட்டார்."

அங்கே எங்கோ ஒரு நாய் குலைத்தது. திங்கட்கிழமைக் கதைகளைப் பாமா ஏற்கனவே அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

"பாமா," என்றாள் லூசில் கடைசியில். "அவனை உள்ளுக்கு விட்டவங்களோ?"

ஓம் என்று சொல்லலாம். சொன்னால் அந்தக் கிழவி ஆறுதலாகப் போனை வைப்பாள். பாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை மச்சாள்" என்றாள். "விடேல்லை. ஆனா ஏலுமட்டும் ஒரு திங்களும் அவர் போகாமல் இருக்கேல்லை."

போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதிரை இழுபட்டது. பிறகு லூசில் அழுகிற சத்தம். அழுது முடியும்வரை பாமா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.